முட்டை எப்பிடி வேணும்?

“வீட்டில ஒரு டசின் முட்டை கிடக்குது. அதை விட்டுப்போட்டு, முட்டை பொரிச்சுத் தாறதுக்கு ஒருத்தனுக்குக் காசு குடுக்கப் போறியளே?”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா கேட்கிற கேள்வி இது. கேட்டுக்கொண்டே குளிர்ச்சட்டையை மாட்டி, தொப்பியை இழுத்துக் காதை மூடி, எல்லோருக்கும் முதலாகப் போய்க் காரின் முன் இருக்கையில் ஏறி இருந்துவிடுவார். பட்டியும் போட்டாயிற்று. இன்னும் என்ன சுணக்கம் என்று கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்ப்பார்.

அம்மாவுக்கு நான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. பத்து நிமிடக் கார் ஓட்டத்தில் சொல்லி முடிக்கிற விசயமும் இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். ஓம் அம்மா, குடுக்கத்தான் போறன். ஒரு சதம் விடாமல் அவ்வளவும் தகும். ரொறொன்ரோவுக்கு வந்த இத்தனை வருடங்களில் எனக்கு வாய்த்த சந்தோசங்களில், ஞாயிறு காலை ஒரு சாதாரணப் பிளாசாக் கடையில், இரண்டு முட்டையையும் பொரித்த கிழங்கையும் ரோஸ்ற் பாணையும் முன்னால் வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் குந்தியிருப்பதற்கு ஈடாக மூன்று நான்கைத்தான் சொல்லுவேன். அந்த மூன்று நான்குக்குள் எங்கள் கலியாணம் வருகிறதா என்று மனைவி கேட்டாள். வருகிறது.

கடை ஸ்காபரோவில் இருக்கிறது. லோரன்ஸ் அவெனியூ ஈஸ்டில், வார்டன் சந்திக்குக் கிட்ட, வெக்ஸ்ஃபோர்ட் ஹைட்ஸ் பிளாசா. 54ஆம் இலக்க பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலால் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு மறந்தும் இருப்பீர்கள். முன்னால் கார் நிறுத்துமிடம், பின்னால் ஒரே உயரத்தில் வரிசையாகக் கடைகள். ஸ்காபரோவில் இப்படி ஆயிரம் உண்டு. அந்த வரிசையில் ஒன்றுதான் வெக்ஸ்ஃபோர்ட் ரெஸ்ரோரன்ட். ஒரு கிரேக்கக் குடும்பம் 1958இல் தொடங்கிய கடை.

முதல் நாள் 1958 என்ற இலக்கத்தைக் கேட்டதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் பிறந்த வருசம். கொழும்பிலயிருந்து எங்கட சனத்தைக் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பின வருசம்” என்றார். அடுத்த மூச்சில், “கிழங்கு எப்பிடிப் போடுறாங்கள் எண்டு பாப்பம்” என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. 1987இல் வந்தவர். 83 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வாய்த்த வேலைதான் அவருக்கும்: கோப்பை கழுவுவது. நகரத்தின் நடுவே ஒரு காலைச் சாப்பாட்டுக் கடை. பெயர் வேண்டாம்; முதல் இரண்டு கிழமைச் சம்பளத்தைத் தராமலே விட்டுவிட்டார்கள், அந்த முதலாளியும் இப்போது இல்லை. அங்கிருந்து இன்னொரு கடை. கோப்பையிலிருந்து கிழங்கு உரிப்பு, உரிப்பிலிருந்து வெட்டு, வெட்டிலிருந்து அடுப்பு. கடைசியில் முட்டைக்காரனாக நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூறு, நானூறு முட்டை உடைப்பாராம். காலை ஐந்தரைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தால் பின்னேரம் நான்கு மணிக்குத்தான் கால் வீங்கி வீட்டுக்கு வருவார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த நகரத்துக்குப் பிரஞ்ச் சமைத்துப் போட்ட மனுசன், ஓய்வு எடுக்கும்வரை ஒருநாள்கூட உட்கார்ந்து பிரஞ்ச் சாப்பிட்டதில்லை. ஞாயிறு என்றால் அவருக்கு அடுப்படிதான்.

அதனால் அவரோடு போய் இருப்பது ஒரு தனி யோகம். ஓய்வுபெற்ற வேகப்பந்து வீச்சாளரின் பக்கத்தில் இருந்து கிரிக்கெட் பார்ப்பது போல.

ஏன் ஞாயிறு என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் இல்லை. சனி அம்மாவுக்கு விரதம். புரட்டாதி என்றால் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிக்கவும் வேண்டும். சனி இரவு எங்காவது ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடோ பிறந்தநாளோ இருக்கும். ஏழு மணி என்று அட்டையில் போட்டு, ஒன்பதுக்குத் தொடங்கி, வீட்டுக்கு வந்து சேலை மாற்ற ஒரு மணியாகிவிடும். விடிந்தால் சமைக்கிற நினைப்பே யாருக்கும் இல்லை. பிரஞ்ச் என்ற சொல்லே இப்படியான ஆட்களுக்காகப் பிறந்ததுதான். 1895இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் ஒரு வேட்டைப் பத்திரிகையில் அதற்காக வாதாடி எழுதினார். சனி இரவு கூத்தடித்தவர்கள் ஞாயிறு வேளைக்கு எழும்பத் தேவையில்லை, காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிவிடலாம், ஆட்களுக்குக் கதைக்கவும் மனம் வரும் என்பது அவர் கட்சி. ஸ்காபரோ மண்டபங்களைக் காணாமலே எழுதியிருக்கிறார், பாவம்.

இந்த நகரத்தின் பழைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பூங்காக்களில் பிள்ளைகளின் ஊஞ்சல்களைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்களாம். ஈட்டன்ஸ் கடையின் கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இழுத்துவிடுவார்களாம். கர்த்தருடைய நாளில் கடைச் சாமானைப் பார்ப்பதுகூடப் பாவம். 1906ஆம் ஆண்டின் ஞாயிறு ஓய்வுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1985இல்தான் தூக்கி எறிந்தது. ஒன்ராறியோவில் கடைகள் ஞாயிற்றுக்கிழமை தாராளமாகத் திறக்க 1992 ஆயிற்று. சித்தப்பா வந்த புதிதில், ஞாயிறு பின்னேரம் வேலை முடிந்து ஒரு சோடிச் சப்பாத்து வாங்கப் போய், பூட்டிய கதவுகளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்.

சரி, உள்ளே போவோம்.

மாசி மாதம், வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து. கதவைத் தள்ளியவுடன் வருகிற அந்தச் சூடு! கோப்பி, வெங்காயம், வெண்ணெய், நனைந்த கம்பளி மணக்கும். கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் குருடர்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைக்கிற அந்த நேரத்தில் சித்தப்பா தன் முதற் கடமையை முடித்துவிடுவார்: வாசலில் ஒட்டியிருக்கிற பச்சை அட்டையைப் பார்ப்பது. 2001இலிருந்து ரொறொன்ரோவில் ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையும் நகர சபையின் பரிசோதனை முடிவை வாசலில் போடவேண்டும். பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் நிபந்தனையோடு, சிவப்பு என்றால் பூட்டு. பரிசோதகர் வரும் நாளில் பனிக்காலத்திலும் வியர்த்துக்கொண்டு நின்றவர் அவர். பச்சையைக் கண்டால் தன் பேரப்பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் தலையை ஆட்டுவார்.

இடம் கிடைத்து இருந்ததும் கோப்பி வந்துவிடும். கேட்கிறார்கள் என்பது ஒரு பேச்சுக்கு. கேள்வி முடிவதற்குள் கப் நிறைந்துவிடும். இது உலகத்தின் சிறந்த கோப்பியா என்றால் இல்லை. டவுன்ரவுனில் கோப்பிக்கொட்டையின் சாதகத்தையே எழுதித் தொங்கவிட்ட கடைகள் உண்டு, அங்கே போங்கள். ஆனால் இந்தக் கோப்பிக்கு முடிவில்லை. பாதி குடித்தால் நிரப்புகிறார்கள். கால்வாசி குடித்தால் நிரப்புகிறார்கள். கதை சுவாரசியத்தில் நீங்கள் குடிக்க மறந்தால், சூடாக்குவதற்கென்று ஒரு சொட்டு விடுகிறார்கள். நிறுத்த ஒரே வழி, பந்தியில் வாழையிலைக்கு மேலே கையை விரித்துப் போதும் என்று காட்டுகிறோமே, அதேபோல் உள்ளங்கையால் கப்பை மூடுவதுதான். நாலாயிரம் வருடத்து உபசாரம் என்று நாங்கள் மேடையில் பேசுகிறோம். இங்கே அதைப் பெரிதாகப் பேசாமல் ஒரு கேத்திலில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

அடுத்தது விசாரணை. நான் முதன்முதலில் இப்படியொரு கடைக்குப் போனது இங்கு வந்து மூன்று மாதத்தில், ஆங்கிலம் இன்னும் வாய்க்குள் வழுக்காத காலம். பரிமாற வந்த பெண், “முட்டை எப்பிடி வேணும்?” என்று கேட்டார். “நல்லா வேணும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார், எனக்கு எல்லாமே பெண்களின் பெயர்போல் கேட்டது. கடைசிச் சொல்லுக்குத் தலையாட்டினேன். முட்டை முடிந்தது என்று மூச்சு விட்டால், பாண் வெள்ளையா மண்ணிறமா ரையா என்றார். பன்றியா, சொசேஜா, ஹாமா? கிழங்கா தக்காளியா? என் அகதி விசாரணையில்கூட இவ்வளவு கேள்வி கேட்கவில்லை. அங்கே மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்.

இப்போது நான் அந்தக் கேள்விகளுக்காகவே போகிறேன். யோசித்துப் பாருங்கள். கிழமை முழுவதும் யார் உங்களிடம் இப்படிக் கேட்கிறார்கள்? வேலையில் கேட்பதில்லை. வீட்டில் அவித்ததைத்தான் தின்ன வேண்டும். இங்கே ஒரு மனுசி பேனாவும் கையுமாக நின்று, உன்னுடைய இரண்டு முட்டைகள் இந்தப் பூமியில் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறாள், அப்படியே கொண்டும் வருகிறாள். எனக்கு ஓவர் ஈசி, ரை பாண், பீமீல் என்கிற பன்றி இறைச்சி. மனைவிக்கு நீரில் அவித்த முட்டை. மகளுக்குப் பான்கேக். சித்தப்பாவுக்கு எப்போதும் புல்சை. ஏனென்றால் அதில்தான் சமையற்காரன் ஒளிக்க முடியாதாம்.

“திருப்பிப் போட்டா பிழையை அடியில மறைக்கலாம். புல்சை நிர்வாணம்” என்பார். அம்மா முறைப்பார். மகள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பாள்.

சித்தப்பாவின் வர்ணனை இங்கிருந்து சூடு பிடிக்கும். வெள்ளைக்கரு அறுபது பாகை தாண்டியவுடன் இறுகத் தொடங்கும். மஞ்சட்கரு கட்டியாவதற்கு இன்னும் ஏழெட்டுப் பாகை வேணும். முட்டைக்காரனின் சீவியமே அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் ஓடுகிறது. வெள்ளை இறுகியிருக்க வேண்டும், மஞ்சள் ஓட வேண்டும். ஓவர் ஈசி என்றால் திருப்பிப் போட்டுப் பத்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டும். திருப்பும்போது மணிக்கட்டைத்தான் ஆட்ட வேண்டும், தோளை ஆட்டினால் மஞ்சள் உடையும். உடைந்தால் அது குழப்பி வறுக்கிற முட்டைக்குப் போகும். “அதாலதான் நல்ல கடையில குழப்பின முட்டை கொஞ்சமா இருக்கும், விளங்கிச்சோ?” நீரில் அவிப்பதற்குத் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டால் வெள்ளை சிதறாமல் சட்டென்று கூடும். முட்டை புதிதாக இருந்தால் அதுவும் தேவையில்லை. இதையெல்லாம் கேட்டபின் உங்கள் முன்னால் வருகிற கோப்பையை நீங்கள் பழைய கண்ணால் பார்க்க மாட்டீர்கள். நான் பார்க்கவில்லை.

வந்துவிட்டது. கையில் மூன்று கோப்பையும் முழங்கையில் ஒன்றுமாகக் கொண்டுவந்து வைக்கிறாள் அந்தப் பிள்ளை. நீள்வட்டக் கோப்பை, ஓரத்தில் ஒரு தோடம்பழத் துண்டு. நான் ரை பாணின் மூலையால் மஞ்சளைக் குத்துகிறேன். ஆகா! அது அவசரப்படாமல் வழிந்து, கிழங்குக்கு அடியில் புகுந்து, பீமீலின் விளிம்பில் போய் நிற்கிறது. வெண்ணெய் உருகிய ரை பாண், அதிலுள்ள சீரக வாசம் (எங்கள் சீரகமில்லை, அதன் வெளிநாட்டு ஒன்றுவிட்ட தங்கச்சி), உப்பு, முட்டை. என்னோடு இந்த நேரத்தில் கதைக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கிழங்குக்கு வருகிறேன். முட்டையை எந்தக் கடையும் ஓரளவு செய்துவிடும். கிழங்கில்தான் கடையின் குணம் தெரியும். ஹோம் ஃப்ரைஸ் என்கிற இந்தக் கிழங்குத் துண்டுகளை முதல்நாளே அவித்து, ஆறவிட்டு, குளிரில் வைக்க வேண்டும். குளிர்ந்தால் உள்ளே மா இறுகும். அடுத்தநாள் இரும்புத் தட்டில் போட்டுப் பிரட்டும்போது உடையாது, வெளியே மொறுமொறுவென்று சிவக்கும், உள்ளே பஞ்சாக இருக்கும். அன்றைக்கே அவித்து அன்றைக்கே போட்டால் களிதான். எங்கள் ஊரில் கிழங்குப் பிரட்டலுக்கு முதல்நாள் அவித்து வைக்கிற கைப்பழக்கம் பெரியம்மாவுக்கு இருந்தது. ஏனென்று கேட்டால் “அப்பிடித்தான்” என்பார். சித்தப்பாவுக்குக் காரணம் தெரியும். இரண்டு பேருடைய கிழங்கும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் அம்மாவின் கைப்பை திறக்கும். கடையில் முட்டைக்குக் காசு கொடுப்பதை எதிர்க்கிற அதே அம்மா, ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் கட்டைச் சம்பல் கொண்டுவந்திருப்பார். முதல் தடவை நான் கூச்சத்தில் மேசைக்குக் கீழே போய்விட்டேன். செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் புளியும் கெட்டியாக இடித்த அந்தச் சிவப்பு, இந்த மொறுமொறுக் கிழங்கின்மேல் விழுந்த பிறகு கூச்சம் எங்கே? தக்காளிச் சோஸைத் தள்ளி வைத்துவிட்டேன், இன்றுவரை தொடவில்லை. பரிமாற வந்த பிள்ளை போத்தலைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், சம்பல் வைக்க.

பீமீல் பற்றி ஒரு சொல். ரொறொன்ரோவுக்கென்று ஒரு சாப்பாடு இருந்தால் இதுதான். 1854இல் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் டேவிஸ் பெரிய பன்றி இறைச்சி வியாபாரி. உப்பு நீரில் ஊறிய இறைச்சி கெடாமலிருக்க, அரைத்த மஞ்சட் பட்டாணி மாவில் உருட்டி அனுப்பத் தொடங்கினார். பிறகு அது சோள மாவாகியது, பெயர் மட்டும் பட்டாணியாகவே நின்றுவிட்டது. நகரத்தைப் பன்றிப்பட்டினம் என்று மற்ற ஊர்க்காரர் நக்கலடிப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. சென் லோரன்ஸ் சந்தையில் கரோசல் பேக்கரியில் பீமீலைப் பணிசுக்குள் வைத்துத் தருவார்கள், சனிக்கிழமை அந்த வரிசையில் நிற்பதும் ஒரு சுகம். ஆனால் முட்டைக்குப் பக்கத்தில் தட்டையாக, விளிம்பில் அந்த மாவு பொரிந்து கரகரக்க வருகிறபோதுதான் அது தன் வீட்டில் இருக்கிறது.

மகளின் பான்கேக் அம்மாவுக்குப் பிடிக்காது. “வேகாத ரொட்டி” என்பார். அதோடு வருகிற மேப்பிள் பாணிதான் அவரை மடக்கிப்போட்டது. முதல்நாள் கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். “உது எங்கட பனம்பாணியெல்லே” என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். மரத்தில் வடிவதைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுண்டவைப்பதுதான் இரண்டும். மேப்பிள் நீர் நாற்பது லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. இரவு உறைந்து பகலில் உருகுகிற பங்குனி நாட்களில்தான் மரம் சுரக்கும். பனங்கருப்பநீருக்கு முட்டிக்குள் சுண்ணாம்பு பூசாவிட்டால் மத்தியானத்துக்குள் கள்ளாகிவிடும். இங்கே அந்தக் கவலை குறைவு, குளிர்தான் சுண்ணாம்பு. நான் இதைச் சொன்னபோது அம்மா, தகப்பனார் கருப்பநீர் காய்ச்சிய பெரிய தாச்சியைப் பற்றி அரை மணித்தியாலம் மகளுக்குச் சொன்னார். பான்கேக் ஆறிப்போயிற்று. வேறு கடையென்றால் இதற்குள் பில்லைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். இங்கே கோப்பியை நிரப்பிவிட்டுப் போனார்கள். ஒரு புத்திமதி: கடைகளில் மேசையில் நிற்கிற பாணி அனேகமாகச் சோளச் சீனிப் பாகு. உண்மையானதைக் கேட்டு வாங்குங்கள். கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

டவுன்ரவுனிலும் எனக்குக் காதல்கள் உண்டு, மறைக்கவில்லை. விக்ரோரியா தெருவில் 1929இலிருந்து இருக்கிற செனற்றர். டண்டாஸ் வெஸ்டில் 1932இன் லேக்வியூ: பெயரில் ஏரி இருக்கிறது, ஜன்னலில் இல்லை. ‘த ஷேப் ஒஃப் வோட்டர்’ படத்தில் வருகிற அந்தப் பை கடை இதுதான். டியூபொன்ட் தெருவில் 1955இலிருந்து வெஸ்ரா லஞ்ச். சில கதிரைகள்தான், நள்ளிரவுக்குப் பிறகு அதைவிட அழகான வெளிச்சம் இந்த நகரத்தில் இல்லை. பிறகு ஃபிரான்ஸ், 1940இல் ஃபிரான்சிஸ் டெக் தொடங்கியது. சென் கிளேயரில் இருந்த ஃபிரான்ஸுக்குத்தான் பியானோ மேதை கிளென் கூல்ட் நடுச்சாமம் இரண்டு மூன்று மணிக்கு வந்து, தனியே இருந்து, குழப்பி வறுத்த முட்டை சாப்பிடுவார். பெரும்பாலும் ஒரு நாளைக்கு அது ஒன்றுதான் அவருடைய சாப்பாடு. உலகத்தில் எந்த மண்டபத்திலும் விருந்து வைக்க ஆட்கள் காத்திருந்த மனுசன்! இதைச் சொன்னபோது சித்தப்பா ஒன்றுதான் கேட்டார்: “ராத்திரி முட்டை போட்டவன் ஆர்?”

நவநாகரிகப் பிரஞ்ச் கடைகளுக்கும் போயிருக்கிறோம். போன கோடையில் ஒன்றுக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் தெருவில் நின்றோம். முட்டைக்கு மேல் ஒரு ஊதாப் பூ இருந்தது. சாப்பிடலாமாம். அம்மா அதை எடுத்துத் துடைத்து, சாமிக்கென்று கைக்குட்டையில் முடிந்துகொண்டார். கோப்பியை ஒருதரம் நிரப்பினார்கள், அதற்கும் காசு.

கிரேக்கருக்கும் இந்தக் கடைகளுக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்களைத் தொடுகிறது. 1918 ஆவணி மாதம், முதலாம் உலகப் போர் முடிகிற தறுவாயில், போரிலிருந்து திரும்பிய ஒரு படைவீரனை யங் தெருவில் ஒரு கிரேக்கர் கடையிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்று கதை பரவியது. அடுத்தநாள் படைவீரரும் சனமுமாகக் கூட்டம் திரண்டு, நாட்கணக்காக, கிரேக்கரின் சாப்பாட்டுக் கடைகளைத் தேடித் தேடி அடித்து நொறுக்கியது. இருபதுக்கு மேற்பட்ட கடைகள். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது என்று அப்போதே குற்றம் சொன்னார்கள். அந்த ஆட்கள் அதற்குப் பிறகும் கண்ணாடி மாற்றி, கதிரை அடுக்கி, கோப்பி போட்டார்கள். அடுத்த போருக்குப் பின் இன்னும் ஆயிரக்கணக்கில் வந்து, நகரத்தின் மூலை மூலையாகக் காலைச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். 83 ஆடி மாதத்தில் கடைகள் எரிந்து ஓடிவந்த நாங்கள், ஆவணியில் கடை நொறுங்கியவர்களின் ஆட்களிடம்தான் வேலைக்குப் போனோம். காசுப்பெட்டியில் கிரேக்கர், குசினியில் தமிழர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எத்தனையோ கடைகளில் அதுதான் ஒழுங்கு. சித்தப்பாவுக்கு இன்றைக்கும் கிரேக்கத்தில் பத்துச் சொல் தெரியும். ஏழு, சாப்பாட்டுச் சாமான். மூன்றை மகளுக்கு முன்னால் சொல்லமாட்டார்.

பில் வந்தால் சண்டை தொடங்கும். நான் இழுப்பேன், சித்தப்பா இழுப்பார், அம்மா தன் கைப்பைக்குள் இருபது டொலர்த் தாளைத் தேடுவார். பதின்மூன்று வீத வரி, அதற்கு மேல் ரிப். அட்டையில் நான் இருபது வீதம் போட்டாலும் சித்தப்பா ஒரு தாளைத் தனியாக மடித்துப் பரிமாறியவளின் கையில் கொடுத்து, “குசினிக்கு” என்பார். தான் நின்ற காலத்தில் மேசைக் காசு அடுப்படிவரை வந்து சேர்ந்தது குறைவு என்பது அவர் கணக்கு. எழும்பிப் போகையில், குசினியிலிருந்து கோப்பை வருகிற வழியை ஒருதரம் எட்டிப் பார்ப்பார். உள்ளே முதுகு மட்டும் தெரியும், வெள்ளைத் தொப்பி, ஆடுகிற மணிக்கட்டு. தோள் ஆடவில்லை. சரி என்று தலையசைப்பார்.

வெளியே வந்து சில கடை தள்ளி நடந்தால் கிரௌன் பேஸ்ரீஸ். அலெப்போவிலிருந்து வந்த சகோதரர்கள் போட்ட இனிப்புக் கடை. பிஸ்தாப் பக்லாவா ஒரு பெட்டி. வயிற்றில் இடமில்லை என்று சொல்லிக்கொண்டே வாங்குவோம். காரில் ஏறுவதற்குள் இரண்டு குறைந்திருக்கும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், அது தனிப் புராணம்.

போன ஞாயிறும் எல்லாம் இப்படியே நடந்தது. பில் கட்டியாயிற்று. மகள் சட்டை மாட்டிவிட்டாள். பனி தூறத் தொடங்கியிருந்தது, வாசலில் ஆட்கள் எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “முட்டை நாலும் பாணும்! வீட்டில எண்டா...” என்று அம்மா தொடங்கியிருந்தார். அந்தப் பிள்ளை கேத்திலோடு வந்தாள். நான் கப்பின்மேல் கையை வைத்தேன். மனைவி வைத்தாள். சித்தப்பாவும் வைத்தார்.

அம்மாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.